மூடிய கை

அத்தியாயம் 9

லேடீஸ் ரெஸ்ட் என்ற கடலோரக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சேதி, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரியாமல் முப்பத்தொன்பது நாளாகக் காப்பாற்றப்பட்டு வந்தது. அந்த ஆளுக்கு எட்டு வயது. பெயர் ஃபெரியால்.

அவளுடைய அப்பா ஷமூன், தன் தம்பி அஸ்கரைக் கூட்டிக்கொண்டு படகில் கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் அஸ்கர் மட்டும் நீந்திக் கரையேறினான். வலையில் கால் சிக்கி அண்ணன் அமிழ்ந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. அஸ்கரின் வாய்ச்சொல்லை வைத்து ஜமாஅத் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஷமூனின் மனைவி ரஷீதன், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் உட்கார்ந்தாள்.

பிள்ளையிடம் மட்டும் வேறு கதை சொல்லப்பட்டது. அப்பா பொமரூன் ஆற்றுப் பக்கம் புதுப் படகு கட்டப் போயிருக்கிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் வாய்க்கால்மேல் போட்ட வாசல் பாலத்தைத் தாண்டுவதில்லை. ஆகஸ்ட் விடுமுறையாக இருந்தது வசதியாகப் போயிற்று. பள்ளிக்கூடம் திறந்திருந்தால் இரண்டு நாள்கூட இந்தக் கதை தாங்கியிருக்காது.

நாளைக்கு நாற்பதாம் நாள்.

தூண்களின் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், கீழ்வீட்டில், பெரிய கடாயில் மாவு வறுபட்டுக்கொண்டிருந்தது. ஓத வரும் நூறு பேருக்குக் கொடுக்கச் சிர்னி இனிப்பு. நெய்யில் விழுந்த மாவை ஒரு நிமிஷம் கிண்டாமல் விட்டாலும் அடிபிடித்துவிடும். ரஷீதன் விடியற்காலையிலிருந்து துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

"ம்மா."

"ம்."

"என் கையில என்ன இருக்கு, சொல்லு."

ரஷீதன் திரும்பவில்லை. கடைக்கண்ணில் ஒரு சின்ன முஷ்டி தெரிந்தது.

"ம்மா. மூணாவது தடவை கேக்குறேன்."

"மாவு கருகிடும்டி. அப்புறம்."

"அப்புறம்னா எப்போ?"

"அப்புறம்னா அப்புறம்தான்."

முஷ்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மரப்படியில் காலடிச் சத்தம் மேலே போயிற்று.

கைமூடும் விளையாட்டு அந்த வீட்டில் ஷமூன் ஆரம்பித்தது. கடலிலிருந்து வந்ததும் வாசல் பாலத்தில் நின்று முஷ்டியை நீட்டுவான். "என் கையில என்ன?" அவன் கை ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை. புளி உருண்டை இருக்கும். சிப்பி இருக்கும். ஒரு தடவை உயிருள்ள நண்டுக்குஞ்சு இருந்தது, பிள்ளை அலறியதில் வாத்துகள் எல்லாம் வாய்க்காலில் குதித்தன.

அஸ்கர் அதையே கோணலாக விளையாடுவான். ஓடி வரும் பிள்ளைக்கு முன்னால் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ரஷீதனும் சிரித்திருக்கிறாள்.

இந்த முப்பத்தொன்பது நாளில் ரஷீதனே அதைக் கையில் எடுத்துவிட்டாள். சாப்பிட வராத பிள்ளையை, குளிக்க வராத பிள்ளையை, பேச்சுக்கு முகம் கொடுக்காத பிள்ளையை எப்படித்தான் கூப்பிடுவது? "இங்க வா, கையில ஒண்ணு வச்சிருக்கேன்." கிட்டே வந்ததும் மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். முதல் வாரம் பலித்தது. பிறகு பிள்ளை வருவதை நிறுத்திக்கொண்டாள். எது சொன்னாலும் அவள் பார்வை ஆளைத் தாண்டி வாய்க்காலுக்குப் போய்விடும்.

சைக்கிள் மணி கேட்டது. அஸ்கர் இரண்டு பெரிய அண்டாக்களைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

"அண்ணி, வாசனை தெருமுனை வரைக்கும் வருது. நாளைக்கு ஆளுங்க ஓதுறதுக்கு வருவாங்களா, திங்கிறதுக்கு வருவாங்களா தெரியல."

"ரெண்டுக்கும் வரட்டும் தம்பி."

அண்டாக்களைச் சாமான் அறையில் வைக்கப் போனான். அந்த அறைக் கதவில் பூட்டு இல்லை. கொண்டி பிய்ந்து தொங்கியது. ஷமூன் எப்போதும் சாவியை இடுப்பில் சிவப்பு நைலான் கயிற்றில் கட்டிக்கொண்டுதான் போவான். அவன் போன பிறகு, வலையும் எண்ணெயும் எடுக்க வேண்டும் என்று அஸ்கர்தான் கடப்பாரையால் நெம்பித் திறந்தான். "சாவி அண்ணன்கூடவே போயிருச்சு அண்ணி" என்று சொல்லிக்கொண்டே நெம்பினான். அந்தச் சத்தத்தை ரஷீதன் மேலே இருந்தபடி காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அன்றிலிருந்து பெண்பிள்ளைகளுக்குக் காவல் என்று சொல்லி அஸ்கர் இரவில் கீழ்வீட்டு வலையூஞ்சலில் படுக்கிறான்.

வெளியே வந்தவன் தூணில் மாட்டியிருந்த தன் பழைய மழைக்கோட்டின் பையில் கைவிட்டான். எடுத்தான். மறுபடியும் விட்டுத் துழாவினான். அடுத்த பையையும் பார்த்தான்.

"இந்தக் கோட்டை யாராவது துவைச்சீங்களா?"

"இல்லையே. ஏன், காசு வச்சிருந்தியா?"

"காசா... ஆமா. ஏதோ சில்லறை." கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "குட்டி எங்க?"

"மேல இருக்கா."

"நான் சொன்னேன்ல. அஸர் தொழுதுட்டு வர்றேன். நாலு மணிப் படகுல பரீக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். எங்க மாமியார் வீட்டுல நாலு பசங்க இருக்கு, விளையாடிட்டு இருப்பா. நாளைக்கு இங்க யாராவது அண்ணனுக்குப் பாத்திஹான்னு வாயத் தொறந்தா உங்களால சமாளிக்க முடியாது."

"ஒரு நாள்தானே?"

"ஒரு நாளோ, ஒரு மாசமோ. பாப்போம்." அவன் ஏறிட்டு மாடி ஜன்னலைப் பார்த்தான். "துணிய எடுத்து வச்சிருங்க."

நேற்று சரி என்று சொன்னவள் ரஷீதன்தான். இன்று அந்த 'ஒரு மாசம்' கையில் ஏறிய சிலாம்பு மாதிரி உறுத்தியது.

அவன் போய்ச் சிறிது நேரத்தில் ஜோரிதா வந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. இப்போது பள்ளிவாசல் மக்தபில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள். தாய்மார்களுக்கு வெள்ளிக்கிழமை வகுப்பும் நடத்துகிறாள். ரஷீதன் போக முடியாததால் வகுப்பே ஜோரிதா உருவில் சர்க்கரை மூட்டையைச் சுமந்துகொண்டு இவள் வீட்டுக்கு வந்தது.

"தள்ளுடி. நீ கிண்டுறதைப் பாத்தா மாவு மேல ஏதோ பழைய கோபம் போல இருக்கு." துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "பிள்ளையை அனுப்பப் போறியாமே? படகுக்காரன் பொண்டாட்டி சொன்னா."

"இந்த ஊர்ல எனக்குத் தெரியறதுக்கு முன்னால படகுக்காரன் பொண்டாட்டிக்குத் தெரியும்."

"பேச்சை மாத்தாதே. சொல்லிட்டு அனுப்புறியா, சொல்லாம அனுப்புறியா?"

"எப்படிடி சொல்றது? நான் பேசினா அவ காதுலயே விழல. கூப்பிட்டா திரும்பல. கண்ணு எங்கயோ இருக்கு."

"உன் கண்ணு எங்க இருக்கு?"

ரஷீதன் சர்க்கரை மூட்டையின் வாயை அவிழ்க்கக் குனிந்தாள்.

"நான் வந்து இவ்வளவு நேரமாச்சு," என்றாள் ஜோரிதா. "மேலேருந்து ரெண்டு தடவை எட்டிப் பாத்தா. நீ ரெண்டு தடவையும் கடாயைத்தான் பாத்தே. நம்ம நபிக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்? ஆனா ஒருத்தரோட பேசினா கழுத்தை மட்டும் திருப்ப மாட்டாங்க. முழு உடம்பும் அந்தப் பக்கம் திரும்பும். பெரிய மனுஷனுக்கும் அப்படித்தான், பிள்ளைக்கும் அப்படித்தான். முதல்ல நீ திரும்பு. அப்புறம் அவ திரும்புறாளா பாரு."

"உனக்கென்ன. உன் புருஷன் வீட்டுல படுத்துக் குறட்டை விடுறான்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாகப் போயிற்று என்று தெரிந்தது. ஜோரிதா கொஞ்ச நேரம் கிண்டிக்கொண்டே இருந்தாள். கோபப்படவில்லை.

"ஒரு சின்னப் பையன் சிட்டுக்குருவி மாதிரி ஒண்ணு வளத்தான், தெரியும்ல? அது செத்துப்போச்சு. நபி அந்த வீட்டுக்குப் போனாங்க. பையன் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருந்தான். என்ன கேட்டாங்க? உன் குருவிக்கு என்ன ஆச்சுன்னு அவன் பேரைச் சொல்லிக் கேட்டாங்க. குருவி பொமரூன் போயிருக்குன்னு சொல்லல."

ரஷீதன் முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்தாள். புகை என்று சொல்லிக்கொள்ள அடுப்பு பக்கத்திலேயே இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன். திட்டினா திட்டிக்கோ. ஒரு தாய் பிள்ளையை 'வா, ஒண்ணு தர்றேன்'னு கூப்பிட்டா. என்ன தரப் போறேன்னு நபி கேட்டாங்க. பேரீச்சம்பழம்னா. அது கையில இல்லாம நீ கூப்பிட்டிருந்தா உன் பேர்ல ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும்னாங்க. நம்ம ஊர்ல இருக்கற ஒவ்வொரு வெறும் முஷ்டிக்கும் ஒரு ஏடுன்னா, அதை எழுதுற மலக்குங்க வேற வேலையே பாக்க முடியாது."

"எனக்கு எத்தனை எழுதியிருப்பாங்க?"

"அதை நான் எண்ணல. எண்ணிக்கிட்டிருக்கறது அவ." ஜோரிதா கண்ணால் மாடியைக் காட்டினாள்.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு ரஷீதன் மேலே போனாள். அறை காலி. கட்டிலில் வைத்திருந்த துணிப்பையையும் காணோம். கீழே வந்தாள். ஜோரிதா போயிருந்தாள். வாத்துகள் மட்டும் இருந்தன.

பிள்ளை எங்கே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். வாசல் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தாள். தெருவுக்கு அப்பால், கடல் கரையணையின் மேல், மதகு மேடையில் அந்தச் சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. ஷமூனின் படகு அந்த மதகுக் கால்வாய் வழியாகத்தான் வரும். முப்பத்தொன்பது மத்தியானமும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

பௌர்ணமி ஓதம். தண்ணீர் பழுப்பாகச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. மதகுப் பலகையில் போன வருஷத்து வெள்ளக்கோடு ஒன்று வெள்ளைச் சாயத்தில் இருக்கும். அது மறைந்துவிட்டிருந்தது.

"ஃபெரியால்! வா!"

பிள்ளை அசையவில்லை.

கை தானாக எழுந்தது. தானாக மூடிக்கொண்டது. ரஷீதன் முஷ்டியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். "வாடி, கையில ஒண்ணு வச்சிருக்கேன்!"

அணைமேலிருந்து பிள்ளை நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"வெறுங்கை," என்றாள். கத்தவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் கேட்டது. மறுபடியும் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். கால்கள் ஓதத்துக்கு மேலே தொங்கின.

வாசல் பாலம் நான்கு பலகை. முப்பத்தொன்பது நாளாக அவள் கால் படாத நான்கு பலகை. அவசியத்துக்குப் போகலாம் என்று இமாம் சொல்லியிருந்தார். எது அவசியம் என்று அவர் சொல்லவில்லை. ரஷீதன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

மதகு மேடையில் பாசி. ரஷீதன் பக்கத்தில் நிற்கவில்லை, மணிக்கட்டைப் பிடிக்கவும் இல்லை. சேறு என்று பாராமல் கீழே உட்கார்ந்தாள். பிள்ளையின் கண்ணும் தன் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை நகர்ந்து, முழு உடம்பையும் அவள் பக்கம் திருப்பினாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்தாள்.

"நீ சொன்னது சரிதான். வெறுங்கை. அன்னிலேருந்து எல்லா நாளும் வெறுங்கை. இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன்."

பிள்ளை அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"ஃபெரியால். அப்பா பொமரூன் போகல."

ஓதம் மதகுப் பலகையில் மெல்ல மோதியது. ரஷீதன் கண்ணை எடுக்கவில்லை.

"படகு கட்டவும் போகல. கடல்ல... அப்பா தண்ணிக்குள்ள போயிட்டார்னு சொல்றாங்க. திரும்பி வர மாட்டார்னு சொல்றாங்க. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான் இத்தாவுல இருக்கேன். நாளைக்கு வர்றவங்க எல்லாம் அப்பாவுக்காக ஓத வர்றாங்க. உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் இல்ல."

பிள்ளை அழவில்லை. அதுதான் ரஷீதனைப் பயமுறுத்தியது. உதடு மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு ஒரு கேள்வி வந்தது.

"சொல்றாங்கன்னா யாரு? யாரு பாத்தா?"

"அஸ்கர் சாச்சா பாத்தார்."

"சாச்சா மட்டும்தானா?"

"சாச்சா மட்டும்தான்."

"அப்பா தண்ணிக்குள்ள போறப்போ இடுப்புல சாவி இருந்துச்சா?"

ரஷீதனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "இருந்துச்சு. அப்பாகூடவே போயிருச்சு. சாச்சாதானே பூட்டை உடைச்சார்?"

"ம்மா. இப்ப என்னைப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"கழுத்தை மட்டும் இல்ல."

"முழுசா பாக்குறேன்டி."

பிள்ளை இத்தனை நேரமும் கவுன் மடிப்புக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்தாள். மூடியிருந்தது. "என் கையில என்ன இருக்கு, சொல்லு," என்றாள். குரலில் விளையாட்டு இல்லை.

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஒரு சாவி. கைப்பிடி நிறைய இளஞ்சிவப்பு நகச்சாயம். போன நோன்புப் பெருநாள் அன்று, அப்பா சாவியைத் தேடிக் கஷ்டப்படக் கூடாது என்று ஃபெரியால் தன் கையால் பூசியது. ஒரு பக்கம் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. வளையத்தில் சிவப்பு நைலான் கயிறு ஒரு விரல் நீளம். முடிச்சு ஷமூனின் முடிச்சு. அது அவிழவில்லை. முடிச்சுக்குக் கீழே, கயிறு ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது.

துருவே இல்லை.

"காலையில மூணு தடவை கேட்டேன். நீ மாவு வறுத்துட்டே இருந்தே."

ரஷீதன் கயிற்றின் வெட்டுமுனையை விரலால் தொட்டாள். "எங்க... எங்க இருந்துச்சு இது?"

"சாச்சா கோட்டுல. புளி உருண்டை இருக்கான்னு கைவிட்டேன்."

கரையணை மேல் சைக்கிள் மணி அடித்தது.

அஸர் பாங்கு இன்னும் சொல்லவில்லை. வெயில் இருக்கும்போதே அஸ்கர் மழைக்கோட்டைப் போட்டிருந்தான். சைக்கிளின் பின்னால், கட்டிலிலிருந்து காணாமல் போன ஃபெரியாலின் துணிப்பை கட்டியிருந்தது. ரஷீதன் சாவியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். எழுந்து நின்றபோது பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி." அவன் புன்னகைத்தபடி சைக்கிளை மதகு மேடையின் வாயில் குறுக்காக நிறுத்தினான். மேடையிலிருந்து கரைக்குப் போக வேறு வழி இல்லை. "இத்தாவுல இருக்கறவங்க பாலம் தாண்டலாமா? ஊர் என்ன சொல்லும்?"

"பிள்ளையைத் தேடி வந்தேன்."

"வந்ததும் நல்லதாப் போச்சு. ரெண்டு மணிப் படகே நிக்குது." குனிந்து முஷ்டியைப் பிள்ளை முன் நீட்டினான். "குட்டி, சாச்சா கையில என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

ஃபெரியால் அந்த முஷ்டியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ வரல, தம்பி."

"வரலையா?"

"நான்தான் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே அவளை எங்கயும் ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல."

புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் இறங்கி, முக்காட்டு விளிம்பில் மறைந்தும் மறையாமலும் இருந்த அவள் கையில் போய் நின்றன.

"உங்க கையில என்ன அண்ணி?"

வெறுங்கை என்று சொல்லிவிட நாக்கு வரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் இப்போதைக்கு அவன் விலகி வழிவிடுவான். கீழே தண்ணீர் மேடையின் விளிம்பைத் தொட்டுவிட்டிருந்தது. பாவாடையைப் பிடித்திருந்த சின்னக் கை இறுகியது. இரண்டு கண்கள் முழுசாக அவள்மேல் இருந்தன. இத்தனை நாள் அவள் கெஞ்சியும் கிடைக்காத கண்கள்.

"ஒண்ணு இருக்கு தம்பி," என்றாள் ரஷீதன். "நாளைக்கு ஓத வர்றவங்க எல்லாரும் உக்காந்திருக்கும்போது காட்டுறேன்."

அஸ்கரின் நீட்டிய முஷ்டி அங்கேயே நின்றது. பிறகு விரல்கள் மெல்லப் பிரிந்தன. அதில் ஒன்றுமில்லை. அந்த வெறுங்கையைத்தான் அவன் இப்போது அவர்கள் பக்கமாக நீட்டினான்.